உடப்புக் கரைக்குச் சாப்பிட வருகிற தங்கச்சிக்கு

பாரிஸில் இருக்கிற தங்கச்சிமார் பலர் லீவு கிடைத்தால் வீட்டுக்காரரோடு பிரெத்தாஞ் (Bretagne) பக்கம் போகிறார்கள்; கான்கால் கரையில் சிப்பியை நின்ற இடத்திலேயே திறந்து சாப்பிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஊருக்கு வரும்போதும் அதே ஆசையோடு இரண்டு நாள் ஒதுக்கி உடப்புக்கு வாங்க. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் ஒடுக்கமான மணல் நிலத்தில் எங்கள் ஊர். கடல் மீனும் களப்பு இறாலும் ஒரே நாளில் அடுப்பேறும்.

டிக்கெட் போட முதல் மாதத்தைப் பாருங்க. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றில் இந்தக் கடல் குமுறும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வந்தால் கரைவலையும் பார்க்கலாம், மழைத் தொல்லையும் குறைவு. வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு எங்கள் வீடுகளில் மரக்கறிதான். திரௌபதை அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கும் தீமிதிப்புக்கும் கும்பிட வாங்க, மீன் சாப்பாட்டை நினைத்து வராதீங்க. விரத வீட்டில் மீன் சட்டி வெளியே வராது.

கொழும்பிலிருந்து புத்தளம் பஸ்ஸில் ஏறி, சிலாபம் தாண்டிப் பத்துளுஓயாவில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். தங்குவதற்குச் சிலாபத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்க. முன்னேஸ்வரம் கோயிலும் கிட்டத்தான், நண்டுக்குப் பேர்போன ஊரும் சிலாபம்தான். நண்டு வாங்கும்போது பருமனைப் பார்க்காதீங்க, கையில் தூக்கிப் பாரம் பாருங்க. அடிவயிற்றை அமுக்கினால் அமுங்காமல் இருக்க வேண்டும்.

கரைவலைக்கு விடியவே போய்விடுங்க. படகில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். பாரம் கூடும்போது அம்பாப் பாட்டு எழும். அந்தப் பாட்டுக்குத்தான் அத்தனை கையும் ஒன்றாக அசையும். படம் எடுக்க முதல் கேளுங்க. வீட்டுக்காரருக்கு ஆசையென்றால் கயிறு பிடிக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் வலையின் மடி கரை சேர்ந்த உடனே விலை பேசப் போகாதீங்க. மீன் பிரித்து, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியும் ஆட்களும் கணக்கு முடிக்கட்டும். அந்த மீனில்தான் அவர்களுடைய அன்றைய கூலி இருக்கிறது.

என்ன வாங்குவது என்று முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டாம். சாளை வந்தால் சாளை, நெத்தலி வந்தால் நெத்தலி. காரல் கண்டால் மட்டும் விடாதீங்க. முள் கூட என்று அதை ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது, அவ்வளவு ருசி. சமைத்துத் தரச் சொந்தக்காரரோ தெரிந்த வீடோ இருந்தால், தேங்காய்க்கும் அரிசிக்கும் காசைக் கையில் கொடுத்துவிட்டு, சொதி கேளுங்க. தண்ணிப்பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை போட்டுக் கொதித்ததும் காரலைப் போட வேண்டும். அகப்பை போட்டால் மீன் உடையும், சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். கட்டிப்பால் விட்டு, நுரை கட்டும்போதே இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்தபிறகு தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பில் வைத்துப் பிழிந்தால் பால் திரைந்துவிடும். இடியப்பத்துக்கு இதைவிட வேறு கறி வேண்டாம்.

திரும்பும்போது கருவாடு வாங்காமல் போக மனம் வராது. கட்டாக் கருவாடென்றால் கழுத்துப் பக்கத் தடித்த சதையை விரலால் அமுக்கிப் பாருங்க. ஈரம் ஒட்டினால் காயவில்லை, பயணத்துக்குத் தாங்காது. இளஞ்சிவப்பாய்ப் பூத்திருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீங்க. வாங்கினதை இன்னொரு வெயில் காட்டி, பேப்பரில் சுற்றி, காற்றுப் போகாத பையில் இரண்டு தரம் கட்டுங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்தப் பாவனைக்கு ஒருவர் 20 கிலோ வரை மீன் வகை கொண்டுபோகலாம், கருவாடும் அதற்குள் அடங்கும். இறைச்சிக்கும் பால் சாமானுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே அம்மா ஆசையாய்க் கட்டித் தருகிற நெய்ப் போத்தலை இங்கேயே வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பொதி நெத்தலி வையுங்க.