எட்டு உறுப்புகளின் சண்டை

கேள்வி: தாய்லாந்துக் குத்துச்சண்டையின் வரலாறு என்ன? அதைப் பழகினால் என்ன பயன்?

பதில்: ‘முவாய் தாய்’ எனப்படும் இந்தச் சண்டையில் முஷ்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் என இருபுறமும் சேர்த்து எட்டு உறுப்புகள் ஆயுதமாகின்றன. சயாம், அதாவது பழைய தாய்லாந்தின், படைவீரர்களின் பயிற்சியிலிருந்து வளர்ந்த கலை இது. 1767இல் அதன் தலைநகர் அயுத்தயா வீழ்ந்தபோது பர்மியரிடம் சிறைப்பட்ட ‘நாய் கனோம் தோம்’ என்ற வீரர், 1774இல் பர்மிய மன்னர் முன்னிலையில் அந்நாட்டு வீரர்களை அடுத்தடுத்து வீழ்த்தினார் என்பார்கள். பாதி வரலாறு, பாதி கதை. ஆனாலும் மார்ச் 17 அவர் நினைவு நாள்.

கையில் கயிறு சுற்றிச் சண்டையிட்ட வழக்கம் 1920களில் கையுறைக்கு மாறியது. பாங்காக்கின் ராஜதம்னோன் அரங்கு 1945இல் திறக்கப்பட்டது. ஒரு போட்டிக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து. போட்டிக்கு முன் வீரர் தலையில் மோங்கோன் வளையம் அணிந்து, குருவை வணங்கி, குழலும் மேளமும் ஒலிக்க மெதுவாக ஆடுவார்; அந்த நடனம் முடிந்ததும் பயிற்சியாளர் வளையத்தைக் கழற்றுவார்.

பயிற்சி ஓட்டத்திலும் ஸ்கிப்பிங்கிலும் தொடங்கும். பிறகு மணல்மூட்டை போலத் தொங்கும் பையில் உதை. ஒரு உதைக்கு ஊன்றிய பாதம் திரும்பி, இடுப்பு சுழன்று, கணைக்கால் கடைசியில்தான் போய்ச் சேரும். அதனால் தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகள் வலுப்படும்; மூச்சுத்திறனும் உடல் சமநிலையும் கூடும். கழுத்தைப் பற்றி மல்லுக்கட்டும் பயிற்சி முதுகையும் தோளையும் வலுவாக்கும்.

இத்தனையும் பெறப் போட்டியில் இறங்க வேண்டியதில்லை. தலையில் அடிபடும் ஆபத்தை எண்ணினால், பையோடும் பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடோடும் நின்றுகொள்வதே பெரும்பாலோருக்கு நல்லது.