தீவில் ஓர் இரவு

டிசம்பர் விடுமுறையில் ஒரு தமிழ்க் குடும்பம் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குச் சென்றது. 2018-இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற தீவு அது. மாலையில் கடல் கொந்தளித்தமையால் திரும்பும் கப்பல் நிறுத்தப்பட்டது. அந்தமான் கிழக்கே வெகுதொலைவில் இருப்பினும் கடிகாரம் தில்லியின் நேரத்தையே காட்டும். ஆதலால் ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிட்டான்.

விடுதிகளில் இடமில்லை. வங்காள மூதாட்டி ஒருவர் தம் வீட்டில் சிறிய அறையொன்றைத் தந்தார். மின்சாரமும் தடைப்பட்டது. புழுக்கம் தாளவில்லை. கடற்கரையில் மணல் ஈக்கள் கடித்த இடங்களைச் சொறிந்து சொறிந்து தம்பி அழுதான்.

"அம்மா, இதுவும் ஓர் அறையா?" எனச் சிறுமி சினந்தாள்.

மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் முகக்குறிப்பு புரிந்தது போலும். தம்பியின் காலில் தேங்காய் எண்ணெய் தடவியவாறே இந்தியில் பேசினார். பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளை அரசு 1950-களில் இத்தீவில் குடியேற்றியது. அவரும் கைக்குழந்தையாகத் தாயின் மடியில் வந்திறங்கியவரே.

"அன்று இங்குக் காடுதான் இருந்ததாம். இந்த அறைகூட எங்களுக்கு இல்லை" என்றார்.

சிறுமி எழுந்து வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அருகில் இழுத்து, தம்பியின் மற்றொரு காலில் தடவத் தொடங்கினாள்.

பயிற்சி: உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த முதல் நாளைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.