சீலியாக் நோயாளர் உணவகத்தில் உண்ணும்போது

அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை. எனவே உணவகத்தில் இட்லி கேட்பது நல்ல தேர்வே. இடர் பெரும்பாலும் சாம்பாரில் இருக்கிறது: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்துள்ளது. தோசையை எனில், பரோட்டா போட்ட கல்லிலேயே வார்த்திருக்கக்கூடும். வடையைப் பூரி பொரித்த எண்ணெயில் இட்டிருக்கக்கூடும். ரவா தோசை அறவே கூடாது.

சிறிதளவு குளூட்டனும் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கும். வலியின்றியும் அது நிகழும் என்பதால், 'சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை' என்பது சான்றாகாது.

'கோதுமை வேண்டாம்' என்றால் பரிமாறுபவர் சப்பாத்தியை மட்டுமே எண்ணுவார். பெருங்காயம், தோசைக்கல், எண்ணெய் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்; கூட்டமில்லா வேளையில் சமையற்காரரிடமே கேட்பது மேல். தெளிவான விடை கிடைக்காவிடில், வெறும் அரிசி இட்லியை வீட்டிலிருந்து கொண்டுசென்ற, பெருங்காயம் சேர்க்காத பொடியுடன் உண்ணுங்கள்.