பழைய பேருந்தின் எண்ணெய்க்கு எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

மாணவர்களே, 1977ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் நிறுவனம் ‘லேலண்ட் அட்லாண்டியன்’ என்ற இரட்டைமாடிப் பேருந்துகளைச் சாலையில் விட்டது. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் அவற்றில் பயணம் செய்ததைச் சொல்லக்கூடும். சென்னை எண்ணூரில் உள்ள அசோக் லேலண்டின் பெயரில் இருப்பதும் அதே பிரிட்டிஷ் லேலண்ட்தான். இந்தப் பேருந்தின் பின்புறத்தில் 11.1 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட டீசல் இயந்திரம் இருந்தது.

இப்படிப்பட்ட பழைய பேருந்து ஒன்றைப் பாதுகாத்து, நம் ஊர் வெயிலில் ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் எண்ணெயைக் குளிர்விக்க எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது? தவறாகத் தேர்ந்தெடுத்தால் இயந்திரம் இறுகி நின்றுவிடும். மாற்றுப் பாகம் கிடைப்பதும் எளிதன்று.

எண்ணெய் செய்யும் இரண்டு வேலைகள்

இயந்திர எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது என்பது நமக்குத் தெரியும். பிஸ்டன், பேரிங் போன்ற, தண்ணீர் நேரடியாகச் சென்று சேராத பாகங்களின் வெப்பத்தைச் சுமந்து வருவதும் அதன் வேலைதான்.

சூடேறினால் எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, குறையும். டீசல் இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் 15டபிள்யூ-40 எண்ணெயின் பாகுநிலை, 40 டிகிரி செல்சியசில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். மேலும் சூடேறினால், உலோகங்களைப் பிரித்து வைக்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்து, உலோகத்தோடு உலோகம் உரசும்.

அப்படியானால் எண்ணெயை நன்றாகக் குளிர வைத்துவிடலாமா? அதுவும் கூடாது. டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் சிறிதளவு கசிந்து எண்ணெயில் சேரும். எண்ணெய் போதிய சூட்டில் இருந்தால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் கசடு படியும். ஆகவே ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி வரை என்பதே நல்ல அளவு.

காற்றா, தண்ணீரா?

எண்ணெயைக் குளிர்விக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மெல்லிய தகடுகள் கொண்ட குழாய்களில் எண்ணெயை ஓடவிட்டு வெளிக்காற்றால் குளிர்விப்பது. மற்றொன்று, இயந்திரத்தில் சுற்றிவரும் தண்ணீரிடம் வெப்பத்தை ஒப்படைப்பது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் குளிர்விக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்ணெயிலிருந்து விநாடிக்கு 10 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும் என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1 கிலோஜூல் போதும், தண்ணீருக்கு 4.2 கிலோஜூல் வேண்டும்.

காற்று 20 டிகிரி சூடேறலாம் என்றால், விநாடிக்கு 10 ÷ (1 × 20) = 0.5 கிலோகிராம் காற்று தேவை. அதன் கன அளவு ஏறத்தாழ 430 லிட்டர். தண்ணீர் 5 டிகிரி மட்டுமே சூடேறலாம் என்றாலும், 10 ÷ (4.2 × 5), அதாவது விநாடிக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும்!

காற்றுக்கும் ஒரு சாதகம் உண்டு. வெளிக்காற்று 33 டிகிரி, இயந்திரத் தண்ணீரோ சுமார் 85 டிகிரி. வெப்பநிலை வேறுபாடு கூடினால் வெப்பம் விரைவாகக் கடக்கும். ஆனால் அந்த 430 லிட்டர் காற்று எங்கிருந்து வரும்? சிராங்கூன் சாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகிறது. புறப்படும் ஒவ்வொரு முறையும் இயந்திரம் கடுமையாக உழைக்கும். அப்போது வேகமும் இராது, எதிர்க்காற்றும் இராது. அதிலும் இயந்திரம் பின்புறத்தில் இருக்கிறது. தனி விசிறி இல்லாமல் காற்றுமுறை அங்கே தடுமாறும்.

தண்ணீர்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. ரேடியேட்டரின் சுமை கூடும். உள்ளே கசிந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால்போல வெளுக்கும். ஆனால் இயந்திரம் சூடான பிறகு எண்ணெய் தண்ணீரைவிடக் குளிர்ந்துபோகாது. காலையில் எண்ணெய் விரைவாகச் சூடேறவும் அது உதவும். இயந்திரத்தின் அருகிலேயே பொருத்தலாம் என்பதால் நீண்ட குழாயும் வேண்டாம். தேய்ந்த பழைய இயந்திரத்தில் எண்ணெய் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. மெல்லிய நீண்ட குழாய்கள் அதை இன்னும் குறைக்கும்.

முதலில் அளக்க வேண்டும்

எதையும் வாங்குமுன், எண்ணெய்த் தொட்டியில் வெப்பநிலைமானி பொருத்தி, பிற்பகல் வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 110 டிகிரிக்குள் இருந்தால் புதிய அமைப்பே தேவையில்லை. கூடினால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, விசிறிப் பட்டை தளர்ந்திருக்கிறதா, சரியான எண்ணெய்தான் ஊற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் சூடு தணியாவிட்டால், நகரச் சாலைக்குத் தண்ணீர்முறையே ஏற்றது. காற்றுமுறையைத் தேர்ந்தெடுப்பவர், எண்ணெய் சூடாகும்வரை அதைக் குளிர்விப்பானுக்குள் விடாத தெர்மோஸ்டாட் வால்வையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

சிந்தியுங்கள்

1. இதே பேருந்து விரைவுச்சாலையில் மட்டும் நிற்காமல் ஓடினால் உங்கள் தேர்வு மாறுமா? ஏன்?

2. எண்ணெய் 15 டிகிரி மட்டும் சூடேறலாம் என்றால், அதே 10 கிலோஜூலைச் சுமக்க விநாடிக்கு எத்தனை கிலோகிராம் எண்ணெய் ஓட வேண்டும்? ஒரு கிலோகிராம் எண்ணெயை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் தேவை என்று கொள்ளுங்கள்.