பத்து மீட்டரில் தொடங்குங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதிலிருந்து, பிள்ளைகளை ஷூட்டிங்கில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் விசாரிப்பது துப்பாக்கியின் விலையைத்தான். அதற்கு இப்போது அவசரமே இல்லை. போட்டித் தரத்தில் ஒரு வெளிநாட்டு ஏர் பிஸ்டல் வாங்கப் போனால் இலட்சத்தைத் தாண்டும். சொந்தத் துப்பாக்கியோடு வந்து இறங்குகிறவரைவிட, கிளப் துப்பாக்கியில் ஆறு மாதம் ஒழுங்காக நின்று பழகியவரே முன்னால் போவார். முதலில் இடம், அடுத்து பாதுகாப்பு, பிறகு நிற்பதும் ட்ரிகரும். துப்பாக்கி வாங்குவது கடைசி வேலை.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. தனியார் அகாடமிகளும் வந்துவிட்டன. பணம் கட்டும் முன் ஒரு மாலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்தவர் கையில் பாதுகாப்பு விதி எதுவும் சொல்லாமல் துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள் என்றால், எழுந்து வேறு இடம் தேடுங்கள். கிளப் துப்பாக்கி பழகக் கிடைக்குமா, கோச் லேனுக்குப் பின்னால் நின்று பார்ப்பாரா, மாநிலச் சங்கம் வழியாகப் போட்டிக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் கீழ் வரும் மாநிலச் சங்கத்தில் பதிவு இல்லாமல் போட்டிப் படிக்கட்டில் ஏற முடியாது.

சட்டத்தைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. 10 மீட்டர் போட்டியில் பயன்படுவது 4.5 மி.மீ. பெல்லட் போடும் காற்றுத் துப்பாக்கி. 2016 ஆயுத விதிகளின்படி, இந்த அளவில் 20 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் இந்த வரம்புக்கு வெகு கீழே. தோட்டா போடும் .22 ரகங்களுக்கு உரிமம் கட்டாயம். அதை இரண்டு மூன்று வருடம் கழித்து யோசிக்கலாம்.

சுடுவதற்கு முன்

உரிமம் வேண்டாம் என்பதால் இது பொம்மை ஆகிவிடாது. பெல்லட் கண்ணைப் பறிக்கும். துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். குழல் எப்போதும் டார்கெட் பக்கமே பார்க்க வேண்டும். பக்கத்து லேன்காரர் கூப்பிட்டாலும் திரும்ப வேண்டியது தலைதான், துப்பாக்கி அல்ல. குறி பார்க்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் கயிறு செருகியிருக்கும். அதுதான் பாதுகாப்புக் கொடி. துப்பாக்கி காலி என்பதற்குத் தூரத்திலிருந்தே தெரியும் சாட்சி. "ஸ்டாப்" என்று குரல் வந்தால் பாதி இழுத்த ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும். பெல்லட் ஈயத்தால் ஆனது என்பதால் ரேஞ்சுக்குள் எதுவும் தின்னக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்து, உங்கள் ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்னதாக ஒரு முக்கோண ஓட்டை விடுங்கள். அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண்ணாக இருந்தால் முதல் நாளே கோச்சிடம் சொல்லிவிடுங்கள்.

பிஸ்டலா, ரைஃபிளா

ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. பொட்டு. பிஸ்டலில் அது 11.5 மி.மீ. இதை வைத்துப் பிஸ்டல் எளிது என்று நினைக்க வேண்டாம். ஒற்றைக் கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். ரைஃபிளுக்கு உடம்பே ஸ்டாண்டு ஆகிறது. இடது முழங்கை இடுப்பில் ஊன்றும். விறைப்பான ஜாக்கெட், பேன்ட், தட்டையான அடி வைத்த ஷூ, கையுறை எல்லாம் வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த ஜாக்கெட்டுக்குள் ஒரு மணி நேரம் நிற்பது தனிப் பயிற்சி. சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இருவரும் ரைஃபிள்காரர்கள். செலவு குறைவாகத் தொடங்க வேண்டும் என்றால் பிஸ்டல் எடுங்கள் என்பேன். இரண்டையும் சில நாள் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது இன்னும் நல்லது.

ஒரு ஷாட் எப்படிப் போகிறது

பிஸ்டலையே எடுத்துக்கொள்வோம். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, டார்கெட்டுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். சும்மா இருக்கும் கையைப் பாக்கெட்டில் விடுங்கள். கண்ணை மூடி, பிஸ்டல் பிடித்த கையை இயல்பாக உயர்த்துங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குழல் டார்கெட்டுக்கு இடப்பக்கம் நிற்கிறதா? கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பின்பாதத்தை நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். தசையை முறுக்கிப் பிடித்த குறி பத்து ஷாட்டில் கலைந்துவிடும்.

மூச்சை இழுத்துக்கொண்டே கையை டார்கெட்டுக்கு மேலே உயர்த்தி, மூச்சை மெல்ல விட்டபடி இறக்குங்கள். கறுப்பு வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளையில் நிறுத்துங்கள். பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பார்வை முன் சைட்டின் மேல் விளிம்பில் இருக்க வேண்டும். பின் சைட்டின் பள்ளத்தில் அது நடுவே, இரு பக்கமும் சம வெளிச்சத்தோடு, கூர்மையாகத் தெரிய வேண்டும். டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பத்தை எட்டிப் பார்க்கும் ஆசையில் கண் டார்கெட்டுக்கு ஓடினால் சைட் கோணும். சைட்டில் ஒரு மயிரிழைக் கோணல் அட்டையில் சென்டிமீட்டராக விரியும்.

கை ஆடத்தான் செய்யும். உலக வீரர்களுக்கும் ஆடுகிறது. ஆட்டம் நிற்கும் நொடிக்காகக் காத்திருந்து வெடுக்கென்று இழுப்பதுதான் பெரிய கேடு. போட்டிப் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் முதல் கட்டத்தை இறக்கும்போதே எடுத்துவிட்டு, மிச்சத்தை விரல் நுனிச் சதையால் நேர் பின்னோக்கி, ஈர மாவை அழுத்துவது போல ஒரே சீராக அழுத்திக்கொண்டே போங்கள். ஆறிலிருந்து எட்டு விநாடிக்குள் ஷாட் போக வேண்டும். போகவில்லையா, கையை இறக்கி மூச்சு வாங்கி மறுபடி தொடங்குங்கள். சுட்ட பிறகும் ஒன்றிரண்டு விநாடி அதே நிலையில் சைட்டைப் பார்த்தபடி நில்லுங்கள்.

முதல் சில வாரம் பத்தைத் தேடாதீர்கள். ஐந்து ஷாட் ஒரே இடத்தில் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இடப்பக்கம் கீழே ஏழில் ஐந்தும் நெருங்கி விழுந்தால் சைட்டைச் சில கிளிக் திருப்பினால் போதும். அட்டை முழுக்கச் சிதறி, நடுவில் ஒரு பத்து விழுந்திருந்தால் அந்தப் பத்தால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

பெல்லட் இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சுடும் ட்ரை ஃபயரிங் தினமும் இருபது நிமிடம் செய்யுங்கள். ட்ரிகர் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே வசதி இருக்கிறது; குழலை மடக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியில் செய்தால் உள்ளே பிஸ்டன் சீல் கெட்டுவிடும்.

வாங்குவதும் போட்டியும்

ஷாட்டுகள் நெருங்கி ஒரே இடத்தில் விழத் தொடங்கிய பிறகு துப்பாக்கி வாங்கலாம். பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்பதே முதல் சோதனை. வால்தரா, ஸ்டெயரா, மொரினியா என்று நிறுவனம் பார்ப்பது பிறகு. பழைய துப்பாக்கி வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். அதன் ஆயுள் பெரும்பாலும் பத்து ஆண்டு. தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

போட்டியில் 15 நிமிடத் தயாரிப்பும் சோதனை ஷாட்டுகளும் முடிந்து, மின்னணு டார்கெட்டில் 75 நிமிடத்துக்குள் 60 ஷாட். அதனால் கிளப்பிலேயே கடிகாரம் வைத்து முழு 60 ஷாட்டும் சுட்டுப் பழகுங்கள். மாநிலப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்தால் தென்மண்டலப் போட்டி, மாவ்லங்கர் போட்டி என்று ஏறித் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஒவ்வொரு போட்டியிலும் வாங்கிய மதிப்பெண் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள்.