காப்புறுதி அட்டையும் கிளினிக் அட்டையும்

"கனடாவிலே மகள் ஒரு அட்டையைக் காட்டித்தான் பிள்ளை பெற்றவள். ஒரு சதமும் கட்டவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு காப்புறுதி வராதோ?" இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், சற்று ஆராய்வோம்.

காப்புறுதி என்பது வருத்தம் வருமுன்னரே பலர் சேர்ந்து செலவைப் பங்கிடும் ஏற்பாடு. கானா நாட்டின் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் 2008ஆம் ஆண்டு கர்ப்பிணிகளுக்குச் சந்தா நீக்கப்பட்டது. காசுக்குப் பயந்து வீட்டிலே பிள்ளை பெற்ற பலர் வைத்தியசாலையை நாடினர். இந்தியாவில் 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம் காப்புறுதி அல்ல. வைத்தியசாலையில் பிள்ளை பெறும் ஏழைத் தாயின் கையில் காசு கொடுப்பது. அங்கு 2005-06இல் நூறு பிரசவங்களில் 39 வைத்தியசாலையில் நடந்தன, 2015-16இல் 79. ஆயினும் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு அதே வேகத்தில் குறையவில்லை என்று ஆய்வாளர் பலர் கண்டனர். வாசல் திறந்தாற் போதாது. உள்ளே கைதேர்ந்த ஆட்களும் மருந்தும் இரத்தமும் இருக்க வேண்டும்.

நமது நாடு வேறு வழியிற் சென்றது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீடு தேடி வரும் முறை அங்கிருந்து பரவியது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அது முப்பது அளவில் நிற்கிறது. இதற்கு நாம் சந்தா கட்டவில்லை என்று எண்ண வேண்டாம். கடையிற் சாமான் வாங்கும்போது கொடுக்கும் வரிதான் அந்தச் சந்தா. ஆகவே இது தருமமல்ல, உரிமை.

அப்படியானால் நமக்கு என்ன குறை? தாய்மார் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994இல் இரு ஆய்வாளர்கள் எழுதினர்: போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். கட்டணமில்லாத வைத்தியசாலையிருந்தும் ஓட்டோக் காசும் இழக்கும் நாட்கூலியும் முதலிரண்டு தாமதங்களையும் நீட்டுகின்றன. 2018 முதல் வடக்கிலும் ஓடும் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்த குடும்பங்கள் பல தடவை வீடு மாறின. "எங்கள் பதிவு பழைய ஊரில்" என்று தாய்மார் கிளினிக்குக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். இது தவறு. இன்று எங்கே படுத்தெழும்புகிறீர்களோ, அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமே பதிய வேண்டும். மாதவிடாய் தப்பியவுடனே பதிவது நல்லது. கிளினிக் அட்டையைப் பொலித்தீன் பையிலிட்டு எங்கு போனாலும் கொண்டு செல்லுங்கள். இரத்தப் போக்கு, கடுந்தலையிடி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பிள்ளை பிறந்தபின் முதற் பத்து நாளுக்குள் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். பேற்றுக்குத் தாய் வீடு போவது நம் வழக்கமல்லவா? எந்த வீட்டில் இருப்பீர்கள் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.