அமெரிக்காவில் இமிகிரேஷன் வக்கீலைப் பார்க்கப் போகிறீர்களா?

அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு, மனைவிக்கு விசா மாற்றம் என்று வக்கீலைத் தேடும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

1. குடிவரவு மத்திய அரசுச் சட்டம். எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீலும் உங்கள் வழக்கை எடுக்கலாம். அந்த மாநிலத்தின் வக்கீல் பதிவு இணையதளத்தில் பெயரைத் தேடி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2. நோட்டரியும் டிராவல் ஏஜென்ட்டும் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. வக்கீல் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், நீதித்துறை அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளை அணுகலாம்.

3. பழைய பாஸ்போர்ட், ஐ-94, ஐ-797 கடிதங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் அடுக்கி எடுத்துப் போங்கள். தங்கும் கெடுவைச் சொல்வது ஐ-94தான். பேரனைப் பார்க்க வந்த பாட்டியின் விசா 10 வருடத்துக்கு இருந்தாலும், ஐ-94 பெரும்பாலும் 6 மாதம்தான்.

4. பாஸ்போர்ட்டில் வெறும் 'முருகேசன்', பள்ளிச் சான்றிதழில் 'எஸ். முருகேசன்', திருமணப் பதிவில் 'முருகேசன் சுப்பையா' என்று இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாம் ஒரே ஆள் என்று காட்டும் அஃபிடவிட்டை அவசரமில்லாமல் தயார் செய்யலாம்.

5. பெற்றோரின் பிறப்பு பதிவாகவில்லையா? ஊர்ப் பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்ற சான்று வாங்குங்கள். பள்ளிச் சான்றிதழையும், பிறப்பை அறிந்த உறவினரின் அஃபிடவிட்டையும் சேர்த்து வையுங்கள். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

6. கெடு தாண்டித் தங்கியதையோ பழைய கைதையோ மறைக்காதீர்கள். வக்கீலிடம் சொன்னது ரகசியமாகவே இருக்கும். 180 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடமும் திரும்பி வரத் தடை விழலாம். கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

7. கட்டண ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அரசுக் கட்டணம் தனி. கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால் அதற்கு வேறு பணமா என்றும் கேளுங்கள். 'நிச்சயம் வாங்கித் தருகிறேன்' என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

8. கம்பெனி வைத்த வக்கீல் கம்பெனிக்கும் வக்கீல். வேலை மாறும் யோசனை இருந்தால் வெளியே ஒருவரிடம் கேளுங்கள்.

9. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்பிய மனுவின் முழு நகலையும், 3 எழுத்தும் 10 இலக்கமும் கொண்ட ரசீது எண்ணையும் வாங்கி வையுங்கள். மனுவின் நிலையை நீங்களே இணையத்தில் பார்க்கலாம்.

10. வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவத்தில் தெரிவியுங்கள். வழக்கு குடிவரவு நீதிமன்றத்தில் இருந்தால் அங்கும் தனியாகச் சொல்ல வேண்டும். விசாரணைக்குப் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு வரலாம். அங்கே அரசு பொதுவாக வக்கீல் தராது. இலவசமாக வாதாடுவோர் பட்டியலை நீதிமன்றத்தில் கேட்டு வாங்குங்கள்.